அட்டையைத் திருப்பும் கவுஸ் பாஷா

ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்ததும் கவுஸ் பாஷா சுவரிலிருந்து அட்டையைக் கழற்றுவார். சதுர அட்டை, நாலு ஓரத்திலும் ஓட்டை. மேல் ஓரத்தைக் கீழாகவோ பக்கவாட்டாகவோ திருப்பி ஆணியில் மாட்டிய பிறகுதான் அடுத்தவரை உட்காரச் சொல்வார்.

ஆம்பூர் கடைத்தெருவில் அவருடைய கண் பரிசோதனை அறை பத்தடி நீளம். பார்வையை அளக்க இருபதடி வேண்டுமே! பஸ்ராவில் பட்டாளத்து ஆஸ்பத்திரிக் கம்பவுண்டராக இருந்தபோது கற்ற உபாயம் கைகொடுத்தது. உட்காருபவரின் தலைக்கு மேலே, பின்சுவரில் அட்டை, எதிர்ச்சுவரில் நிலைக்கண்ணாடி. கண்ணாடிக்குள் பார்த்தால் அட்டை இருபதடி தள்ளிப் போய்விடும். நாற்காலி விரற்கடை நகர்ந்தாலும், "அளவு பூடுச்சுப்பா, ஒயுங்கா குந்து" என்பார்.

அட்டையில் எழுத்துக் கிடையாது. வருகிறவர்களில் பாதிப்பேர் படிக்கத் தெரியாத, தோல் பதனிடும் ஷாப்புத் தொழிலாளிகள். அதனால் மூன்று பல் கொண்ட சீப்பு உருவங்கள்தான், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கமாக வரைந்திருக்கும். பல் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும்.

ஆனால் காத்திருப்பவர்களும் அதே அறை பெஞ்சில்தானே உட்கார்ந்தாக வேண்டும்? முன்னால் போனவர் கை காட்டியதை மனப்பாடம் செய்துதான் அமீர் பாஷா என்ற தொழிலாளி ஒருமுறை தேறினான். தோல் செதுக்கும் கத்தி வேலைக்குத் தகுதி என்று சீட்டு எழுதிக் கொடுத்தவர் கவுஸ் பாஷாவே. மூன்றாம் மாதம் அவனுக்கு மூன்று விரல் போயிற்று. அந்தப் பாவம் யாரைச் சேரும்? அன்றிலிருந்துதான் அட்டை திரும்புகிறது. அமீர் பாஷா தெருவில் எதிர்ப்பட்டால் இன்றைக்கும் இவர்தான் முதலில் சலாம் சொல்கிறார்.

சென்ற வாரம் கன்னியப்பன் வந்தான். இருபது வருஷம் கத்தி பிடித்தவன். சுண்ணாம்புத் தண்ணீர் தெறித்து இரண்டு விழியிலும் வெள்ளை வடு. பார்வைச் சீட்டு இல்லாமல் ஷாப்புக்குள் வரக்கூடாதென்று மேஸ்திரி சொல்லிவிட்டாராம். கவுஸ் பாஷா பெட்டியிலிருந்த கண்ணாடி வில்லைகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் உதவவில்லை. அன்று அவர் தொழுகைக்குப் போனபோதுகூட மனம் அங்கே நிற்கவில்லை.

இரண்டாம் நாள் கன்னியப்பன் மறுபடியும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். நாற்காலியில் இருந்தவர் கை காட்டக் காட்ட, இவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. அந்த மனிதர் எழுந்தார். கவுஸ் பாஷாவின் கை வழக்கம்போல அட்டைக்குப் போயிற்று.

"இந்த ஒரு தபா திருப்பாதீங்க, பாய்," என்றான் கன்னியப்பன், நாற்காலியில் உட்கார்ந்தபடி. "பொய் எய்தச் சொல்லல. திருப்பாம வுட்டா போதும்."

"வெரலு போனா இன்னா பண்ணுவே, நைனா?"

"அது அப்பறந்தானே, பாய். வூட்ல பசி இன்னிக்கு."

கவுஸ் பாஷா அட்டையைக் கழற்றிக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். எதிர்க்கண்ணாடியில் கன்னியப்பனின் முகம் தெரியும். அந்தப் பக்கம் பார்க்காமலே அட்டையின் மேல் ஓரத்தைக் கீழாகத் திருப்பி மாட்டினார்.