ஆடிட்டுக்கு நல்ல நாள் பார்த்த கதை

ஆயுத பூஜை அன்று மத்தியானம் எங்கள் கம்பெனி சர்வர் ரூம் வாசலில் ஒரு பெண் வெறுங்கையோடு வந்து நின்றார். வித்யா. பெங்களூர் நிறுவனம் ஒன்றின் ஆடிட்டர், வீடு மைசூரில்தான்.

ஆடிட்டர் என்றதும் கணக்குப் புத்தகத்தை நினைக்காதீர்கள். இது கம்ப்யூட்டர் ஆடிட். சர்வர், நெட்வொர்க், பேக்கப், யூபிஎஸ் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா, தீப்பிடித்தால், கரன்ட் போனால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். அந்த ரிப்போர்ட் மாதக் கடைசிக்குள் போய்ச் சேரவில்லை என்றால், வெளிநாட்டு வாடிக்கையாளர் தன் புது ஆர்டரை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவார். மைசூர் ஹெப்பாளில் கார்களுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. அந்த ஆர்டரை நம்பி ஒரு புது ஷெட்டே கட்டிவிட்டார்கள்.

ஆடிட்டுக்குத் தேதி குறிக்கும் பொறுப்பு ஐ.டி. மேனேஜரான என்னுடையது. என் ப்ளானிங் திறமையைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன் என்பது உங்களுக்கே தெரியும். கலர் கலராக ஒரு எக்ஸெல் ஷீட் போட்டு எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் அனுப்பினேன்.

அக்கவுன்ட்ஸ்காரர்கள் மாத முதல் வாரம் கூடாது என்றார்கள். எச்.ஆர். சம்பளம் போடும் நாட்களில் சர்வரைத் தொட்டால் கொலை விழும் என்றது. டிஸ்பாட்ச் ஆட்களுக்கு எந்த நாளுமே ஆகாது. தசரா ஊர்வலத்தன்று ஊருக்குள் வண்டியே நகராது. இப்படி ஒவ்வொரு கட்டமாகச் சிவப்பு அடித்துக்கொண்டே வந்ததில் ஒரே ஒரு கட்டம் மட்டும் பச்சையாகப் பளிச்சென்று மிஞ்சியது. ஆயுத பூஜை! காலையில் பூஜை, பொரி கடலை, அப்புறம் எல்லோரும் வீட்டுக்கு. சர்வர் முழுக்க நமக்கே. அடடா, இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

தேதி குறிப்பது என்பது இதுதான் — எல்லோரும் வேண்டாம் என்று தள்ளியது போக மிச்சம் இருப்பதை எடுத்துக்கொள்வது. அது ஏன் மிச்சம் இருக்கிறது என்று மட்டும் நாம் கேட்பதே இல்லை.

வித்யாவை உள்ளே அழைத்துப் போனேன். சர்வர் ரேக் முழுக்கச் செவ்வந்தி மாலை. ஒவ்வொரு பெட்டியின் நம்பர் மேலும் ஒழுங்காகச் சந்தனம், குங்குமம். ஊதுபத்திப் புகையில் எதிர்ச் சுவர் மங்கலாகத் தெரிந்தது. கீபோர்டுக்கு முன்னால் என் சிஸ்டம் அட்மின் மாதேஷ் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்க்காரர்.

"மாதேஷ், மேடமுக்கு லாகின் போட்டுக் குடுங்க."

"இன்னைக்கா? பூசை போட்ட சாமானை நாளைக்கு வரைக்கும் தொடமாட்டமுங் சார்."

எனக்குச் சுரீர் என்றது. கோபம் அவர் மேல் இல்லை. அன்று காலைதான் என் பைக்கைக் கழுவி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, 'இன்று எடுக்கக்கூடாது' என்று பிள்ளைகளையும் அதட்டிவிட்டு, கம்பெனி பஸ்ஸில் வேலைக்கு வந்திருந்தேன். பைக்குக்குத் தெரிந்த சாஸ்திரம் சர்வருக்கு மறந்துவிட்டது... எக்ஸெல்லில் அதற்கு ஒரு கலர் இல்லை, பாருங்கள்.

சமாளிக்க வேண்டுமே. "உங்க லேப்டாப்பை வச்சு ஏதாவது பாக்கலாமா மேடம்?" என்றேன்.

வித்யா தயங்கினார். "லேப்டாப்பை அம்மா பூஜை ரூம்ல வச்சுட்டாங்க சார். நாளைக்குத்தான் எடுக்கணும்."

"அப்போ ஏங்க இந்தத் தேதிக்கு ஓகேன்னு மெயில் போட்டீங்க?"

"நீங்க அவ்ளோ உறுதியா போட்டிருந்தீங்க. உங்க கம்பெனில வழக்கம் வேற மாதிரி இருக்கும்னு நெனச்சேன். இல்லையா மத்தே?" மைசூர்த் தமிழில் 'மத்தே' என்றால் 'பின்னே'.

இல்லைதான். ஆடிட் செய்ய முடியாத ஆடிட்டர், தொடக்கூடாத சர்வர், இரண்டையும் ஒரே அறையில் சேர்த்துவைத்த மேனேஜர். மூவரும் பொரியைக் கொறித்துக்கொண்டு நின்றோம். வேறு வேலை இல்லாததால் வித்யா அறையைச் சும்மா சுற்றிப் பார்த்தார். பிறகு இருமினார். இருமிக்கொண்டே மேலே அண்ணாந்து பார்த்தார்.

"சார், இவ்ளோ புகை இருக்கே... அலாரம் ஏன் அடிக்கல?"

நானும் அண்ணாந்தேன். கூரையில் இருந்த புகை அலாரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தொப்பி மாட்டியிருந்தது. லாட்ஜில் குளிக்கும்போது தலைக்குப் போட்டுக்கொள்ளக் கொடுப்பார்களே, அதே தொப்பி!

"பூசையப்ப கத்துமேன்னு மாட்டறதுங் சார்" என்றார் மாதேஷ்.

"சரி, பூஜை முடிஞ்சதே, கழட்டிடுங்க."

"நான் மாட்டலீங். காத்தால மாட்டலாம்னு ஏணி கொண்டாந்தனுங். பாத்தா மேல ஏற்கெனவே இருந்துச்சு. ஆரோ மாட்டிட்டாங்கன்னு உட்டுட்டனுங்."

"மேல தூசி அவ்ளோ படிஞ்சிருக்கே சார்" என்றார் வித்யா, மெதுவாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது போன வருஷத்து ஆயுத பூஜைத் தொப்பி. வருஷம் முழுக்க அந்த அறைக்குத் தீப்பிடித்தால் சொல்ல ஆளே இல்லை. கோடையில் ஒரு யூபிஎஸ் பேட்டரி உப்பிப்போய் நாற்றம் அடித்ததே, அன்று நான் என்ன சொன்னேன்? 'அலாரம் இருக்கு, பயப்படாதீங்க' என்று எல்லோருக்கும் தைரியம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். அந்த நாற்றம் கொஞ்சம் முற்றியிருந்தால் டிசைன், ஆர்டர், அத்தனை பேர் சம்பளக் கணக்கு எல்லாம் சாம்பல்.

"மாதேஷ்... அதையாவது இன்னைக்குத் தொடலாமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதுக்கு ஆரும் பூசையே போடலீங். தாராளமாத் தொடலாம்."

தொப்பி கழன்றதுதான் தாமதம், அலாரம் அலறிய அலறலில் செக்யூரிட்டி ஆட்கள் கையில் பொரியோடு ஓடிவந்தார்கள். அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் சமீபத்தில் கேட்டதில்லை. வித்யா என்னிடம் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் வாங்கி, தன் முதல் குறிப்பை எழுதிக்கொண்டார். பேனாவுக்குப் பூஜை போட்டாயிற்றா என்று நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை.

தசரா முடிந்து வந்து மிச்சச் சோதனைகளை எல்லாம் செய்தார். கெடுவுக்குள் ரிப்போர்ட் போய்விட்டது, ஆர்டரும் பிழைத்தது. நேற்று ஜெனரல் மேனேஜர் ரிப்போர்ட்டோடு என்னைக் கூப்பிட்டார். அவர் கன்னடத்தில் கேட்டதை உங்களுக்குத் தமிழில் தருகிறேன்.

"ஒரு வருஷமா யார் கண்ணுலயும் படாதது உங்களுக்கு எப்படிப் பட்டது?"

உண்மையைச் சொல்ல நல்ல சந்தர்ப்பம். வாயைத் திறந்தேன்.

"புகை வர்ற நாளாப் பாத்துத்தான் சார் ஆடிட்டே வச்சேன்."

அவர் என்னை வெகுநேரம் மரியாதையோடு பார்த்தார். பிறகு, இனிமேல் கம்பெனியின் அத்தனை ஆடிட்டுக்கும் நானே தேதி குறிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். ஃபயர், சேஃப்டி, கேன்டீன் வரைக்கும்.

கேன்டீன் ஆடிட்டுக்கு இப்போதே ஒரு நாள் பார்த்துவிட்டேன். கூட்டமே இருக்காது, அடுப்படி முழுக்க நமக்கே... வைகுண்ட ஏகாதசி!