தலைவர் இறந்துபோன ஊர்கள்

கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்தும் ரேணுகாதேவி, பதவியில் இருக்கும்போதே பஞ்சாயத்துத் தலைவர் இறந்துபோன ஊர்களைத் தேடித் தேடி ஆராய்ந்தவர். தலைவர் இப்படித் தற்செயலாக மாறினால் ஊரின் வளர்ச்சி மாறுகிறதா என்பதுதான் கேள்வி. கரிசல்காட்டில் பல வருடம் அலைந்து முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். பெரும்பாலான ஊர்களில் ஒன்றும் மாறவில்லை. மழை பெய்தால் விளைந்தது. பொய்த்தால் சனம் வெளியூருக்குப் பிழைக்கப் போனது.

கடைசியாகப் புதூர் பக்கம் ஒரு ஊருக்குப் போனார். இறந்த தலைவர் கொம்பையாவின் மனைவி வெயிலுகந்தம்மாள் கேட்டார்: "அவிய போனதுல ஊருக்கு என்ன நட்டம்னு கண்டுபிடிச்சிய?"

பொய் சொல்லக்கூட ரேணுகாதேவிக்குத் தெம்பில்லை. "பெருசா ஒண்ணுமில்லக்கா."

வெயிலுகந்தம்மாள், "வீடு தங்காம ஊரு ஊருன்னே அலைஞ்சு செத்தாவ. இப்ப எம் மவனையும் தேர்தல்ல நிக்கச் சொல்லுதாவ. இத அவன்கிட்டயும் சொல்லிட்டுப் போங்கம்மா" என்றார்.

ஆடுகளை அடைத்துவிட்டு வந்த மகன் மணிராஜிடம் ரேணுகாதேவி எல்லாவற்றையும் சொன்னார். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"சரிதான் டீச்சர். ஆனா யாராவது நிக்கணும்லா" என்றான்.

அந்தத் தேர்தலில் அவன் ஜெயித்தான். வாழ்த்துச் சொல்ல ரேணுகாதேவி போனை எடுத்தார். அழைக்காமலே கீழே வைத்துவிட்டார்.