ஆணியில் இல்லாத மஞ்சள் பை

போன மாதம் அயனம்பாக்கத்தில் ஏரிப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாடி, பால்கனிக் கம்பிக்கு இரண்டாவது பூச்சு. திடீரென்று மணி அலறியது. தின்னர் டப்பாவை மூடி வைத்துவிட்டு நானும் மற்றவர்களோடு படியில் இறங்கினேன். தீயெல்லாம் இல்லை, வெறும் ஒத்திகை. குடியிருப்பவர்கள் லேப்டாப் பையை மார்போடு அணைத்தபடி சிரித்துக்கொண்டே வந்தார்கள். கீழே மைக் பிடித்திருந்த பெண் சொன்னாள்: "எதையும் எடுக்காதீங்க. ஆள் வந்தா போதும்."

இவ்வளவு சின்ன வாக்கியம். எங்களுக்கு அதைச் சொல்ல அன்று யாரும் இல்லை.

நானும் தீ ஒத்திகை பார்த்த வீட்டில் வளர்ந்தவன் என்று அங்கே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். அண்ணனூரில், மின்சார ரயில்களை நிறுத்தும் ஷெட்டுக்குப் பின்பக்கம், எட்டு கீற்றுக் கொட்டகைகள் ஒரே வரிசையில் இருந்தன. ஒரு வீட்டுக் கூரை அடுத்த வீட்டுக் கூரைமேல் சாய்ந்திருக்கும். நாலாவது வீடு எங்களுடையது. நைனா அம்பத்தூரில் பிளைவுட் கிடங்கில் மூட்டை, பலகை எல்லாம் ஏற்றி இறக்குவார். அவர் சட்டையில் எப்போதும் பசை நாற்றம். இப்போதும் தின்னரைத் திறந்தால் எனக்கு முதலில் நைனாதான் வருவார், பெயின்ட் அப்புறம்தான்.

ஒரு கோடையில் பக்கத்துத் தெருவில் தீப்பிடித்தது. எல்லாரும் தப்பித்தார்கள். ஆனால் ரேஷன் கார்டும் பள்ளிச் சான்றிதழும் கருகிப்போய், அவர்கள் ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததைத்தான் எங்கள் வரிசையே பேசியது. உயிர் பிழைத்ததைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பிழைத்த பிறகு அதில் பேச என்ன இருக்கிறது?

அடுத்த ஞாயிறே நைனா திட்டம் போட்டார். கார்டு, அக்காவின் மார்க் ஷீட், என் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கதவோரம் ஆணியில் மாட்டினார். அவர் தட்டில் கரண்டியால் அடித்ததும் அம்மா ஸ்டவ்வை அணைக்க வேண்டும். கலா அக்கா பையை எடுக்க வேண்டும். நான் ஓட வேண்டும். எனக்கு வேறு எதையும் நம்பிக் கொடுக்கவில்லை. தெருமுனை விளக்குக் கம்பத்தடியில் நின்று நைனா தலை எண்ணுவார்.

முதல் ஒத்திகையில் கம்பத்தையும் தாண்டி பெட்டிக்கடை வரை ஓடிவிட்டேன்.

"இன்னா அண்ணாத்தே, ஊட்டாண்ட சர்க்கஸ் வுடுறியா?" என்று எதிர்வீட்டு பாஷா சிரித்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

"ஒர்த்தன் கொறையுறான்," என்றார் நைனா.

"பை வந்துட்ச்சில்ல, அவன் போனா போறான் வுடு நைனா," என்றாள் அக்கா. அப்படித்தான் பேசுவாள். பத்தாவது எழுதி முடித்திருந்தாள். அந்த வரிசையில் அவ்வளவு தூரம் படித்தது அவள் மட்டும்தான். அந்த மார்க் ஷீட்டை மாதம் ஒரு தரமாவது எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைப்பாள்.

மாதம் ஒரு ஞாயிறு என்று நாலைந்து தடவை நடந்தது. கடைசியில் எட்டு எண்ணுவதற்குள் நாங்கள் கம்பத்தடியில் நின்றோம்.

உண்மையான தீ ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. நைனா வேலைக்குப் போயிருந்தார். நான் பள்ளிக்குப் போகாமல் வாசலில் கோலி விளையாடிக்கொண்டிருந்தேன். என் படிப்பு போன லட்சணம் அது. மூன்றாவது வீட்டு ஸ்டவ் வெடித்துக் கூரை பற்றிக்கொண்டது. அக்கா வெளியே வந்து என்னை ஒரு தள்ளு தள்ளினாள். "ஓட்றா!" ஓடினேன். இந்தத் தடவை சரியாகக் கம்பத்தடியில் நின்றேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட.

அவள் பைக்காக உள்ளே போனாள்.

"டேய், பை எங்கடா? ஆணில காணமே!"

"தெர்லக்கா!" என்று கத்தினேன். அவள் உள்ளேயே தேடினாள்.

எனக்குத் தெரியும். ஒரு மணி நேரம் முன்பு அம்மா ரேஷன் கடைக்குக் கிளம்பியபோது, கார்டை மட்டும் உருவிக்கொள்ளாமல், சர்க்கரை வாங்க வேறு பை இல்லையென்று மஞ்சள் பையோடு போனதை வாசலில் இருந்து பார்த்தேன். பார்த்தது, அக்கா கேட்டபோது ஞாபகம் வரவில்லை. கூரை விழுந்த பிறகுதான் வந்தது.

பாஷா ஈரச்சாக்கோடு உள்ளே பாய்ந்து அவளைத் தூக்கி வந்தார். ஆஸ்பத்திரியில் மூன்று நாள்தான் உயிரோடு இருந்தாள். இரண்டாம் நாள் வாயைத் திறந்தாள். "பை கெட்ச்சிதாம்மா?"

"கெட்ச்சிது கண்ணு. எங்கிட்டதான் கீது," என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எங்கே கிளம்பினாலும் வாசலில் நின்று, எதை எடுத்துக்கொண்டு போகிறாள் என்று உரக்கச் சொல்வாள். "கொடத்த எடுத்துக்கினு போறேன்." "கொடய எடுத்துக்கினு போறேன்." நைனா இறந்த பிறகு, காலி வீட்டைப் பூட்டும்போதும் சொல்வாள். அதைக் காது கொடுத்துக் கேட்க முடியாமல்தான் நான் ஊர் ஊராகப் போனேன். நெல்லூர் லாரி, வேலப்பன்சாவடி ஓட்டல், அப்புறம் இந்த பிரஷ். ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும், "பைய நீ எடுத்துக்கினு போனத நான் பாத்தேம்மா, என்னாலதான்," என்று சொல்ல வாய்வரை வரும். சோறு போடுவாள். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

அந்த எட்டு வீடுகளும் இப்போது இல்லை. அந்த இடத்தில் காம்பவுண்டுச் சுவர் நிற்கிறது. பாஷா பூந்தமல்லிப் பக்கம் மகள் வீட்டுக்குப் போனார் என்று கேள்வி. போன தையில் அம்மாவும் போய்விட்டாள். நான் பக்கத்திலேயே இருந்தேன், கையைப் பிடித்துக்கொண்டு. அன்றைக்கு மட்டும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.