உப்பில்லாமல் காய்ச்சிய கஞ்சி

என் மனைவி சரோஜா சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். ஒரேயடியாக இல்லை. முதலில் சோறு போனது. பிறகு இட்லி. பிறகு ரசம். கடைசியில் தண்ணீரைக்கூட முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் விழுங்கினாள்.

சென்ற ஆண்டு நடந்தது. குடலில் கட்டி என்றார்கள். வெட்டி எடுத்தார்கள். அதன் பிறகு கீமோ. ஆடி மாதம் பிறந்தபோது பாதி ஊசிதான் முடிந்திருந்தது. அவளுக்கு இடுப்பில் புடவை நிற்கவில்லை.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் காய்கறி மூட்டை இறக்குகிறவன் நான். பட்டதை எழுதுங்கள், நாலு பேருக்கு ஆறுதலாக இருக்கும் என்று கோயிலில் பழகியவர்கள் சொன்னார்கள். அதனால் எழுதுகிறேன்.

மருத்துவமனையில் டாக்டர் சொன்னதை எங்கள் மகள் கலா தமிழில் சொன்னாள். அம்மா எடை இன்னும் இறங்கினால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் உணவு கொடுக்க வேண்டும். உடம்பு அதற்கும் தேறாவிட்டால் கீமோவை நிறுத்த வேண்டியிருக்கும். சரோஜா என் கையைப் பிடித்தாள்.

"குழா மட்டும் வேணாங்க."

அவள் அக்கா மூக்கில் குழாயோடு போய்ச் சேர்ந்தவள். கூட இருந்து பார்த்தவள் இவள்.

அதுவரை சமையல் சரோஜா கையில் இருந்தது. இப்போது என் கைக்கு வந்தது. உடம்பு சரியில்லை என்றால் எங்கள் அம்மா செய்வது மூன்றுதான். மிளகு ரசம், சுக்குமல்லிக் காப்பி, நொய்க்கஞ்சி. அந்த மூன்றும் எனக்குத் தெரியும். பார்த்துப் பார்த்து வந்தது.

நாக்கு செத்துப்போச்சு என்றாள் சரோஜா. செத்த நாக்கை மிளகுதான் எழுப்பும் என்று நினைத்தேன். ரசத்தில் மிளகைக் கூட்டினேன். காப்பியில் சுக்கைக் கூட்டினேன். கஞ்சியிலும் மிளகும் உப்பும் தூக்கலாகப் போட்டேன். அவள் ஒரு வாய் வைப்பாள். வேண்டாம் என்று தள்ளிவிடுவாள். மறுநாள் இன்னும் கொஞ்சம் கூட்டுவேன்.

எங்கள் வீட்டில் எது சமைத்தாலும் முதலில் அம்மன் படத்துக்கு முன் வைப்போம். அதற்கு முன்னால் நாக்கில் வைத்துப் பார்ப்பதில்லை. படைத்த பிறகும் நான் ருசி பார்க்கவில்லை. அவளுக்கென்று வைத்ததை நான் ஏன் தொட வேண்டும் என்று விட்டுவிட்டேன். அதனால் எவ்வளவு காரம் என்று எனக்கே தெரியாது.

மருத்துவமனையில் கொடுத்த சத்துப் பால்மாவைக் கலக்கினால் வாடைக்கே குமட்டினாள். கலா வேலை முடிந்து வந்து பார்ப்பாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

"அப்பா, அம்மா வெயிட் டிராப் ஆயிட்டே இருக்கு லா. நாம என்ன பண்றது?"

குப்பையில் கஞ்சியைக் கொட்டும்போது கை கூசும். கொட்டிவிட்டுப் பாத்திரம் கழுவுவேன்.

ஆடி முதல் வெள்ளி. வேலை முடிந்து சைனாடவுனுக்குப் போனேன். மாரியம்மன் கோயிலில் நல்ல கூட்டம். ஒரு தூணோரம் நின்றேன். எனக்கு மந்திரம் தெரியாது. நோயைத் தீர்த்துவிடு என்று கேட்கக்கூட அன்றைக்குத் தெம்பில்லை. அவள் ஒரு கிண்ணம் முழுசாகச் சாப்பிட வேண்டும் தாயே, அதுவரை எனக்கு உப்பு வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். வீட்டுக்குத் திரும்பும்போது ரயிலில் தூங்கிவிட்டேன். நான் இறங்க வேண்டிய உட்லண்ட்ஸ் தாண்டிப் போய்விட்டது. இறங்கி எதிர்ப்பக்கம் நின்று மறுபடி ஏறி வந்தேன்.

வேண்டுதலை யாரிடமும் சொல்லவில்லை. மூட்டை தூக்குகிறவனுக்கு உப்பு இல்லாவிட்டால் உடம்பு என்ன ஆகும் என்று அப்போதுதான் தெரிந்தது. கால் பிடித்து இழுக்கும். கண் இருட்டும். கடைக்கார அம்மா ஒரு நாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னண்ணே, நாலு நாள் வெயில்ல கிடந்த கீரை மாதிரி இருக்கீங்க. உங்கள யாரு வாங்குவா?"

சிரித்துக்கொண்டேன். விடவில்லை. விட்டால் அவளையே விட்டதுபோல இருந்தது.

அடுத்து வந்த ஒரு ஆடி வெள்ளி. சாயங்காலம் கஞ்சி காய்ச்சினேன். ஒரே பானைதான். உப்பும் மிளகும் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைப்பது அப்போது பழக்கமாகியிருந்தது. அவளுடையதைப் படைத்துவிட்டு அவள் முன்னால் வைத்தேன். என்னுடையதை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். அவள் ஒரு வாய் வைத்தாள். தள்ளினாள். கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு என் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"அது என்ன, வெள்ளையா?"

"என்னோடது. அதுல ஒண்ணும் இல்ல."

"அதக் குடுங்க."

உப்புகூட இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் இழுத்துக்கொண்டாள். ஒரு கரண்டி வாயில் வைத்தாள். அப்படியே வைத்திருந்தாள். முகம் சுளிக்கும் என்று பார்த்திருந்தேன். சுளிக்கவில்லை. விழுங்கினாள். இன்னொன்று. நான் அசையவில்லை. கிண்ணத்தின் அடியைக் கரண்டியால் வழித்துத் தின்றாள்.

"எரியல" என்றாள்.

என்ன எரியும் என்று கேட்டேன். வாயைத் திறந்து காட்டினாள். உள்ளே நாக்கு, கன்னம், உதட்டின் உள்பக்கம் எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புண். எப்போதிருந்து என்றேன். இரண்டு ஊசிக்கு முன்னாலிருந்தாம். டாக்டர் கேட்டபோதும் ஒன்றுமில்லை என்றிருக்கிறாள். சொன்னால் ஊசியைத் தள்ளிப்போடுவார்கள், சீக்கிரம் முடிந்து தொலைந்தால் போதும் என்று இருந்திருக்கிறாள். என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நாளெல்லாம் மூட்டை தூக்கிட்டு வந்து நின்னு காய்ச்சுறீங்க. எரியுதுன்னு எப்படிங்க சொல்றது."

அப்புறம் நானும் என் வேண்டுதலைச் சொன்னேன். அவள் என்னை முறைத்தாள்.

"பிரஷருக்கு உப்பைக் கொறைங்கன்னு டாக்டர் எத்தன வருஷமா கத்துறாரு. அவரு பேச்சக் கேக்கல. அம்மன்கிட்ட போயி பேரம் பேசிட்டு வந்திருக்கீங்க."

சிரித்தாள். வாய் வலித்தது போல. கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீட்டில் அந்தச் சத்தம் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. நான் எழுந்து அம்மன் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். கும்பிட்டேன். வேண்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால் அந்த வீட்டில் உப்பில்லாத கஞ்சி ஏது? நான் வேண்டுதல் கடனுக்குத் தின்றுகொண்டிருந்ததுதான் அவளுக்குச் சாப்பாடாக இருந்தது. யாராவது தற்செயல் என்று சொல்லலாம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

கலா மறுநாளே நர்ஸிடம் வாய்ப்புண்ணைச் சொன்னாள். நர்ஸ் சரோஜாவைக் கண்டித்தார். கொப்பளிக்க மருந்து கொடுத்தார்கள். ஊசி கொஞ்சம் தள்ளிப்போனது, நிற்கவில்லை. குழாய் போடவில்லை. எடை இறங்குவது நின்றது. பிறகு மெல்ல ஏறியது.

அந்தக் கஞ்சியை எழுதிவிடுகிறேன். யார் வீட்டிலாவது உதவும். ஒரு கை நொய்யரிசி, அதில் பாதி பாசிப்பருப்பு, நாலைந்து வெந்தயம், உரித்த பூண்டு இரண்டு பல். வாசனைக்குப் பாண்டான் இலை ஒன்றை முடிச்சுப் போட்டு உள்ளே விடுங்கள். இலை எங்கள் அம்மா செய்ததில் இல்லை, இங்கே வந்தபின் சரோஜா சேர்த்தது. தண்ணீர் தாராளமாக ஊற்றிக் குழைய வேகவிடுங்கள். இலையை எடுத்துவிட்டு மத்தால் கடையுங்கள். அடுப்பை அணைத்த பிறகு தேங்காய்ப்பால். சூடு ஆறி வெதுவெதுப்பாக இருக்கும்போது கொடுங்கள். வாயில் புண் இருக்கும்வரை உப்பும் மிளகும் கிட்டே வரக்கூடாது. இதையும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள். வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். அதை மட்டும் மறக்காதீர்கள்.

கீமோ முடிந்துவிட்டது. ஸ்கேன் இப்போதைக்குச் சுத்தமாக இருக்கிறது. சரோஜா மறுபடி அடுப்படிக்கு வந்துவிட்டாள். என்னை வெங்காயம் நறுக்க மட்டும் விடுகிறாள். நான் இப்போது எதைக் கொடுத்தாலும் எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். முன்பு கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் சைனாடவுன் போகிறோம். ரயில் நிலையத்துப் படி ஏற அவளுக்கு மூச்சு வாங்கும். எனக்கும்தான். நின்று நின்று ஏறுகிறோம்.

நோய் திரும்புமா என்று தெரியாது. அதை நான் கேட்கவில்லை. ஒரு கிண்ணம் கேட்டேன், தாய் கொடுத்தாள். உங்களில் யாராவது கேட்கக்கூடத் தெம்பில்லாமல் இருந்தால் என்னைப்போல் ஒரு தூணோரம் போய் நில்லுங்கள். பெரிதாகக் கேட்க வேண்டாம். அன்றைக்கு எது வேண்டுமோ அதைக் கேளுங்கள். அவள் கேட்டுக்கொள்வாள்.