ஒருவர் மட்டும் உட்காரும் மேசை

அக்கா அளவைச் சொல்லுவார், நான் கோடு இழுப்பேன். பதுளையில் நான் வேலை பார்க்கும் கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் எனக்கும் உடன் வேலை பார்க்கும் மூத்தவரான அக்காவுக்கும் அப்போது ஒரே வரைபலகைதான். "பத்தடி மூணு. கதவுக்கு விடு. மறுபடி பத்தடி மூணு." நாங்கள் வரையும் தேயிலைத் தோட்டத்து வீடுகள் எல்லாம் ஒரே அளவு என்பதால் அவர் குரலில் அது பாட்டுப் போல வரும்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் முதலாளியான கட்டடக் கலைஞர் ஐயா ஒரு கம்ப்யூட்டர் வாங்க முடிவு செய்தார். படம் வரைவதற்கான மென்பொருள் இரண்டைக் கொழும்பிலிருந்து ஒரு விற்பனையாளர் கொண்டுவந்து காட்டினார். ஒன்று எளியது, புத்தகத்தைப் பார்த்தே பழகிவிடலாம். ஆனால் தரைப்படம் மட்டுமே வரும். மற்றது மலைச்சரிவையும் சேர்த்து வெட்டுப்படமாகக் காட்டும். அதற்குக் கொழும்பில் மூன்று மாதம் தங்கிப் படிக்க வேண்டும். "வரையப்போறது நீங்க. நீங்களே பேசிச் சொல்லுங்க" என்றார் ஐயா.

என் மகள் அப்போது கைக்குழந்தை. போவதென்றால் அக்காதான் போகவேண்டும். போனால் கொழும்பிலேயே தங்கிவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

சோதித்துப் பார்க்கச் சொன்னதும் அக்கா வழக்கம்போல் நின்றுகொண்டு அளவு சொன்னார், நான் விசைகளைத் தட்டினேன். விற்பனையாளர் சிரித்தார். "என்ன மிஸ், கல்யாண வீட்டுல மொய் எழுதுறீங்களா? இதுக்கு ஒரு ஆளு போதுங்க." அக்காதான் எங்களில் அதிகம் சிரித்தவர்.

தேநீர் குடிக்கும்போது, "எதைச் சொல்லப்போற?" என்று கேட்டார்.

"சின்னதே போதும்னு தோணுதுக்கா."

"அதுல சரிவு எங்கடி இருக்கு? போன மழைக்கு நாம வரைஞ்ச வீட்டுக்குள்ள தண்ணி போனது மறந்துபோச்சா? நீயும் புள்ளக்காரிதானே."

ஐயாவின் அறைக்குப் போய் இரண்டாவதைச் சொன்னேன்.

அக்கா கொழும்பில் தங்கிவிடவில்லை. சொன்னபடி திரும்பி வந்தார். ஆனால் தூசியும் ஈரமும் ஆகாதென்று கம்ப்யூட்டரைப் பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். அங்கே தேநீர் கொண்டுபோகக் கூடாது. எட்டிப்பார்த்தால், அக்கா "ஒரு நிமிசம்" என்பார், திரும்பமாட்டார். வரைபலகையில் சில்லறைத் திருத்தங்களோடு நான் இருக்கிறேன்.

சென்ற மழையில் புது வீடுகளுக்குள் தண்ணீர் போகவில்லையாம். தேர்ந்தெடுத்தது சரிதான். ஆனாலும், அந்தச் சின்னதை வாங்கியிருந்தால் என்று சில மாலைகளில் எண்ணிவிடுகிறேன். உடனே அந்த வீடுகளில் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைகள் நினைவுக்கு வர, எண்ணியதற்கே வெட்கப்படுகிறேன். இதையும் அக்காவிடம்தான் சொல்லவேண்டும். கதவுக்கு அப்பால் அவர் விசைகளைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்.