பழைய தேக்குக்குக் காவல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பூந்தமல்லியில் எனக்கு வாய்த்த வீடு பெரியது. முன்வாசலில் நான்கு தேக்குத் தூண்கள், உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய கூரை, மழைக்காலத்தில் எல்லா அறையிலும் தண்ணீர் வசதி. வாடகை கிடையாது. வீட்டுக்காரர் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தார். பொழுது சாய்ந்து விளக்கு எரியாத பழைய வீட்டில் யாராவது குடியேறி, பட்டாவும் வாங்கிவிடுவார்கள். ஆகவே என் வேலை தினமும் விளக்கு ஏற்றுவது. கூலி, அங்கேயே தூங்குவது. ரயில் நிலையங்களில் படுத்துப் பழகியவனுக்கு அது அரண்மனை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வந்திருந்தபோது, பாரம்பரியக் கட்டடங்களை நேசிப்பவர்கள் சிலர் பட்டணத்திலிருந்து கேமராவோடு வந்தார்கள். கைத்தறிப் புடவை கட்டிய அம்மாள் ஒருவர் தூணைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். படத்தில் விழாதபடி என் பாயை நகர்த்தச் சொன்னார். கிளம்பும்போது வீட்டுக்காரரிடம், "இது பொக்கிஷம் சார். ஒரு ஆணி அடிக்கிறதுன்னாலும் யோசிச்சு அடிங்க. கவர்மென்ட் பாதுகாக்கணும்னு எழுதப்போறோம்" என்றார்.

கவர்மென்ட் என்ற சொல்லுக்கு அப்புறம் வீட்டுக்காரர் எதையும் காதில் வாங்கவில்லை. கார் மறைந்ததும் என்னிடம் வந்தார்.

"கேட்டியா நைனா? என் ஊட்ல ஆணி அடிக்க நான் யோசிக்கணுமாம். அடுத்தவாட்டி கவர்மென்ட்டு ஆளுங்க பூட்டோட வருவானுங்க. அதுக்குள்ள நானே இட்ச்சிடறேன்."

"அப்ப நான் எங்க படுக்கிறது அண்ணாத்தே?"

"மொதல்ல கடப்பாரையப் புடி. படுக்கிறத அப்பால பாக்கலாம்."

அந்த வாரமே இடித்தோம். சுண்ணாம்புச் சுவர் லேசில் விழவில்லை. அதன் உறுதியைப் பற்றி வந்தவர்கள் சொன்னதெல்லாம் உண்மை. என் உள்ளங்கைக் கொப்புளங்களே சாட்சி. தெருவின் மற்ற பழைய வீட்டுக்காரர்களும் வந்து பார்த்தார்கள். யாரும் வருத்தப்படவில்லை. வேலை முடிந்ததும் கடப்பாரை இரவல் கிடைக்குமா என்று விசாரித்தார்கள்.

தூண்கள் வேலப்பன்சாவடியில் ஒரு பழைய மரக்கடைக்குப் போயின. கூடவே நானும் போனேன். கடைக்காரருக்குக் காவலுக்கு ஆள் வேண்டும், எனக்குப் படுக்க இடம். நின்ற தூணுக்குக் கீழே படுத்தவன், படுத்த தூணுக்கு மேலே பாயை விரித்தேன்.

சில மாதம் கழித்து அதே கைத்தறிப் புடவை அம்மாள் கடைக்கு வந்தார். புதிதாகக் கட்டும் வீட்டுக்குப் பழைய தூண் வேண்டுமாம். தேக்கைத் தடவிப் பார்த்து, "இதையெல்லாம் இடிக்க எப்படித்தான் மனசு வருதோ, பாவிங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தப் பாயைக் கொஞ்சம் எடுப்பா" என்றார்.

எடுத்தேன். நான்கு தூணும் வண்டி ஏறின. கடைக்காரர் மிச்சமிருந்த ஜன்னல் சட்டங்களைக் காட்டி, "இதுக்கு இன்னாத்துக்கு மாமே காவல்?" என்றார்.

பாயைச் சுருட்டிக்கொண்டு ஆவடி ஸ்டேஷனுக்கு பஸ் ஏறினேன். அங்கே தூண்களெல்லாம் சிமெண்ட். யாரும் கட்டிப்பிடிக்க வரமாட்டார்கள்.