சிப்பேகோவின் இடது கை

பேசுகிறவரின் கண்ணைப் பார்க்கமாட்டாள் சிப்பேகோ, தாடையைத்தான் பார்ப்பாள். சந்தையில் தக்காளி பேரம் பேசும்போதும், தேவாலயத்தில் கைகுலுக்கும்போதும், எதிரே நிற்பவரின் முகத்தில் மனத்துக்குள் ஒரு முகமூடியைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருப்பாள். பல் போன கன்னம், குட்டைக் கழுத்து, அடர்ந்த தாடி, மூன்றும் அவளுக்கு ஜென்மப் பகை. "இதுல காத்து நிக்கவே நிக்காது" என்று முணுமுணுத்தபடி நகர்ந்துவிடுவாள். கல்யாணத்துக்கு முன் அவள் கணவனுக்குப் போட்ட ஒரே நிபந்தனை, தினசரி சவரம்.

தெற்கு ஜாம்பியாவில் ஒரு மாவட்ட மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுப்பவள் அவள். மருந்து ஏறியதும் நோயாளியின் மூச்சு நின்றுபோகும். தொண்டையில் குழாய் இறங்கும்வரை அந்த உயிர் சிப்பேகோவின் இடது கையில். இரண்டு விரல் முகமூடியை அழுத்த, மூன்று விரல் தாடையைத் தூக்க, வலது கை முகமூடியோடு இணைந்த ரப்பர் பையை அமுக்கி மூச்சை அனுப்பும். அந்த ஒற்றைக் கைப் பிடியில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அதனால்தான் மாகாணத் தலைமை மருத்துவமனை தொடங்கிய ஆய்வு அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கையால் பிடிப்பது மேலா, இரண்டு கையாலா? ஒவ்வொரு நோயாளிக்கும் ஒட்டிய உறை ஒன்றைப் பிரித்து, உள்ளே எழுதியிருக்கும் முறைப்படி பிடிக்க வேண்டும். காற்று உள்ளே போகாவிட்டால் மற்ற முறைக்கு மாறிக்கொள்ளலாம். "ரெண்டு கையும் மூஞ்சில இருந்தா பையை யாரு அமுக்குறது? எங்க மாமியாரைக் கூட்டியாரவா?" என்று அறுவை மருத்துவர் ஹமூங்காவிடம் சண்டைக்குப் போனாள். அவர் வழக்கம்போல, ஆரம்பிக்கலாமா என்று மட்டும் கேட்டார். அதுவும் அவளுக்கு எரிச்சல்தான்.

ஒருநாள் குடலிறக்க அறுவைக்கு பாஸ்டர் சியமசோந்தா வந்து படுத்தார். மார்பை மறைக்கும் தாடி. அது ஆண்டவருக்குப் பொருத்தனை பண்ணி, நேர்ந்துகொண்டு வளர்த்தது, கத்தி படக்கூடாது என்றுவிட்டார்.

"வயித்துல கத்தி படலாமாம், தாடியில படக்கூடாதாம்" என்று பல்லைக் கடித்தாள் சிப்பேகோ. உறையில் வந்ததோ ஒற்றைக் கை.

காற்று கசியாமலிருக்கத் தாடி நிறைய வாசலினைப் பூசி முகமூடியை வைத்தாள். பாஸ்டர் உறங்கினார். பையை அமுக்கினால் காற்று தாடிக்குள் புகுந்து புஸ்ஸென்று வெளியே போயிற்று. நெஞ்சு அசையவில்லை. விரல்களை மாற்றிப் போட்டாள், இறுக்கினாள், கட்டைவிரல் வலித்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய மானிட்டரின் ஒலி படிப்படியாகச் சுருதி தணிந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை என்று பிடிவாதம் இழுத்தது. பாஸ்டரின் உதட்டைப் பார்த்தாள், நிறம் மாறிக்கொண்டிருந்தது.

"டாக்டர், வந்து பையை அமுக்குங்க."

"கையுறை மாட்டிட்டேம்மா."

"வேற மாட்டிக்கலாம். அமுக்குங்க."

இரு கட்டைவிரல்களையும் முகமூடியின்மேல் படுக்கவைத்து, மற்ற விரல்களால் தாடையை இருபுறமும் தூக்கிப் பிடித்தாள். ஹமூங்கா அமுக்கினார். நெஞ்சு எழும்பியது. இறங்கி, மறுபடி எழும்பியது. மானிட்டரின் ஒலி ஏறத் தொடங்கியது. குழாயும் சிரமமில்லாமல் இறங்கியது.

ஆய்வுத் தாளோடு வந்த தாதியிடம் அவள் தலைநிமிராமல் சொன்னாள்: "ஒத்தக் கை தோத்துச்சுன்னு போடு. தாடி கீடின்னு சாக்கு எழுதாத."

அறுவை முடிந்து, பாஸ்டர் முழுதாகத் தெளியுமுன், தலைமாட்டில் உட்கார்ந்து வெந்நீரில் துணியை நனைத்தாள். பொருத்தனையாம் பொருத்தனை என்று வைதுகொண்டே தாடியிலிருந்த வாசலினைத் துடைத்து, விரலாலேயே சிக்கெடுத்து, அவர் மார்பின்மேல் நேராகப் பரத்திவைத்தாள்.